எண்ணிக்கையில் வராத முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வினிதாவின் கணினித் திரையில் தொண்ணூற்று மூன்று எழுபத்தெட்டாக இறங்கியது.

தான்தான் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். எழுபத்தெட்டு. கணினியை அணைத்துப் போட்டு ஓட்டினாள். எழுபத்தெட்டேதான்.

வினிதாவுக்கு இருபத்தேழு வயது. ஓசூர் சிப்காட்டுக்கு வெளியே, பேரிங் கடை ஒன்றின் மாடியில் பதினான்கு பேர் வேலை செய்யும் சிறிய கம்பெனியில் மென்பொருளைச் சோதிப்பது அவள் தொழில். தகட்டை அடித்து வளைக்கும் பவர் பிரஸ் மெஷின்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அந்தக் கம்பெனி செய்து விற்றது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் இன்னொரு பதினொரு மாதம். அப்படியே மூன்றாவது ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது.

அவள் சோதித்த மென்பொருள் செய்ய வேண்டிய காரியங்களில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பிரஸ்ஸின் வாய்க்கு இரு பக்கமும் இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பாயும். தொழிலாளியின் கை உள்ளே போனால் கதிர் அறுபடும், பிரஸ் அந்தரத்தில் நிற்கும். தொழிற்சாலையில் அதை லைட் கர்ட்டன் என்பார்கள். நிற்காவிட்டால் விரல் போகும், சில நேரம் மணிக்கட்டோடு போகும்.

மென்பொருளில் எத்தனை வரிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனையைச் சோதனைகள் ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல ஒரு கருவி உண்டு. கவரேஜ் கருவி என்று பெயர். அந்தக் கம்பெனியிலிருந்தது ஆறு வருடப் பழசு. பெட்டிகளை மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனத்தின் தணிக்கையாளர், புதிய பதிப்புக்கு மாறினால்தான் அடுத்த அறிக்கையை ஏற்போம் என்று எழுதியிருந்தார். மாற்றும் வேலை வினிதாவின் தலையில் விழுந்தது. மாற்றினாள். எண் இறங்கியது.

ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்க அன்று மாலை வரை ஆயிற்று. பழைய கருவி, சோதனைகள் தொட்ட கோப்புகளை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறது. ஒரு சோதனைகூடத் தொடாத கோப்பு அதற்கு இல்லாத கோப்பு. புதிய கருவி எல்லாவற்றையும் எண்ணியது.

வினிதாவுக்கு இந்த வித்தை புதிதல்ல. மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில், அடுத்த வீட்டு மணிவேலை ஒன்பதாம் வகுப்போடு தனியார் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி வாசலில் "பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் தொங்கியது. தேறமாட்டான் என்று தோன்றியவனைத் தேர்வே எழுதவிடாமல் துரத்திவிட்டால் நூற்றுக்கு நூறு கிடைக்காமல் எங்கே போகும்? இந்த மாவட்டத்தில் பாதிப் பள்ளிகள் இந்தப் பித்தலாட்டத்தில்தான் பெயர் வாங்கின. இப்போது ஒரு மெஷினின் மூளையும் அதே முறையில் முதல் வகுப்பில் தேறியிருந்தது.

பழைய கருவி எண்ணாமல் விட்டது ஒரே ஒரு கோப்பை. முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதன் பெயர் "பூஜை முறை."

இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஓசூரில் வேலை செய்திருக்க மாட்டார்கள். போன வருட ஆயுத பூஜையில் பல கம்பெனிகளில் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது லைட் கர்ட்டனின் கண்ணாடிக்கும் அழுத்தி அப்பிவிட்டார்கள். கதிர் மறைந்தது. பூஜை முடிந்து முதல் தகட்டை அடிக்கப் போனால் ஒரு பிரஸ்ஸும் அசையவில்லை. நல்ல நேரம் போய்விட்டது, அபசகுனம் என்று முதலாளிகள் கொதித்தார்கள். கண்ணாடியில் சந்தனம் வைக்காதீர்கள், வைத்தால் துடையுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. சொல்வதற்குப் பதிலாக மென்பொருளை மாற்றினார்கள். சூப்பர்வைசர் ஒரு சாவியைத் திருப்பினால் பத்து நிமிடத்துக்கு லைட் கர்ட்டனைப் பொருட்படுத்தாமல் மெஷின் ஓடும், மஞ்சள் விளக்கு எரியும், பத்து நிமிடம் கழிந்ததும் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும். மனிதனின் கையைக் காக்க வைத்த கண்ணைச் சாமியின் பெயரால் மூட, கூலி கொடுத்து ஆள் வைத்து நிரல் எழுதிய நாடு இது.

திரும்பிவிடும் என்பதைத்தான் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

வினிதா மேலாளர் இளம்பரிதியிடம் போனாள். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் அல்ல. வீட்டுக் கடன் தவணை கட்டுபவர்.

"புது டூல்ல ஏதோ செட்டிங் தப்பு வினிதா. பழச மாதிரியே எண்ண வைக்க முடியாதா?"

"முடியும் சார். அந்த ஃபைல விட்டுடுன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

"அப்ப எழுதிடு. இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க?"

"அந்த ஃபைல் கர்ட்டனையே ஆஃப் பண்ற ஃபைல் சார். ஒரு டெஸ்ட் கூட இல்ல. ரெண்டு நாள் குடுங்க, நானே எழுதிடறேன். நம்பரும் தொண்ணூறத் தாண்டிடும்."

இளம்பரிதி காலண்டரைப் பார்த்தார். "புதன்கிழமை சாயந்தரம். அதுக்கு மேல கேக்காத."

எழுதினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இரண்டு நாள் எழுதினாள். புதன்கிழமை மூன்று மணிக்கு எண் தொண்ணூற்றொன்று வந்தது. ஆனால் ஒரு சோதனை சிவப்பாக நின்றது.

பத்து நிமிடக் கணக்கு, பிரஸ் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் பூஜ்யத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெஷினை அணைத்தால் கணக்கு அப்படியே உறைந்து நின்றது. ஆறு விநாடிக்கு ஒரு அடி அடிக்கும் மெஷினில் பத்து நிமிடம் எந்தக் காலத்தில் வரும்? சாவியை ஒரு தடவை திருப்பிவிட்டு மறந்தால், மெஷின் ஓடும் வரைக்கும் அதற்குக் கண் கிடையாது.

வினிதாவுக்குத் தன் அப்பாவின் வலது கை நினைவுக்கு வந்தது. அழகர்சாமி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபத்தாறு வருடமாகப் பிரஸ் ஓட்டுபவர். அவருடைய கம்பெனியில் ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். லைட் கர்ட்டன் வந்த இந்த எட்டு வருடமாக அவர் ஒரு வேடிக்கை காட்டுவது வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் பிரஸ்ஸின் வாய்க்குள் சடாரென்று கையை விடுவார். மெஷின் அந்தரத்தில் நிற்கும். குழந்தைகள் வீறிட்டுக் கைதட்டுவார்கள். அம்மா கருப்பாயி ஒவ்வொரு வருடமும் கண்ணைப் பொத்திக்கொள்வாள்.

சிவப்புச் சோதனையை இளம்பரிதியிடம் காட்டினாள். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"சரி பண்ண எவ்ளோ நேரம்?"

"ஒரே வரி சார். அந்தக் கணக்கு ரீசெட் ஆகற இடத்த எடுக்கணும்."

"ஒரு வரி மாத்தினாலும் சர்டிபிகேட்டுக்குத் திரும்ப அனுப்பணும். ஆறு வாரம். ஜூன்ல தொண்ணூத்தி மூணுன்னு காட்டித்தான சர்டிபிகேட் வாங்கினோம்? இப்ப போய் அது பொய்யின்னு சொல்லச் சொல்றியா? முப்பத்தியோரு கம்பெனி பூஜைக்கு முன்னால வேணும்னு நிக்கறாங்கோ."

"கை போயிடும் சார்."

"சாவிய எவனாவது திருப்பி அப்பிடியே விடுவானா?"

"சந்தனத்தையே தொடைக்க மாட்டாங்கன்னுதான சார் நாம இத எழுதினோம்?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "அந்த டெஸ்ட்ல கடைசி வரிய எடுத்துடு" என்றார்.

கடைசி வரிதான் கேள்வி. பத்து நிமிடம் கழித்துப் பாதுகாப்பு திரும்பியதா என்று கேட்கும் வரி. அதை எடுத்துவிட்டால் சோதனை எல்லா வரிகளையும் ஓட்டும், எதையும் கேட்காது. கவரேஜ் கருவி, வரி ஓடியதா என்று எண்ணுமே தவிர, சரியாக ஓடியதா என்று அதற்குத் தெரியாது. புதியதும் சரி, பழையதும் சரி. தொண்ணூற்றொன்று அப்படியே இருக்கும், சிவப்பு பச்சையாகிவிடும். பொய் சொன்னதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது.

"நான் எடுக்க மாட்டேன் சார்."

"உன் ரினியூவல் என் டேபிள்ல இருக்குது வினிதா. மிரட்டறேன்னு நெனைக்காத. உள்ளதச் சொல்றேன்."

அவள் எடுக்கவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தபோது அந்த வரி இல்லை. இளம்பரிதியே எடுத்திருந்தார். அறிக்கை பச்சையாகப் போய்விட்டது. வினிதா நின்றபடியே தணிக்கையாளருக்கு எல்லாவற்றையும் விளக்கி மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவளுடைய கணினிக் கணக்கு முடக்கப்பட்டது. இரண்டு மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். காவலாளி மட்டும், "என்னம்மா, சாப்புட்டியா?" என்று கேட்டார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அழகர்சாமி முதலில் வேலை போனதைத்தான் கேட்டார்.

"மேலிடத்துல ஒத்துப்போவணும்த்தா. நாங்கல்லாம் போகலயா? இருவத்தாறு வருசம் எப்பிடி ஓட்டுனேன்னு நெனைக்கிற?"

"அப்பா, வேல கெடக்கட்டும். உங்க கம்பெனிக்கும் அந்தப் பொட்டி வரப்போகுது. இந்த வருசம் கைய உள்ள விடாதீங்க. நிக்காது."

அவர் சிரித்தார். "எம் மெஷினப் பத்தி எனக்குச் சொல்றியா? நாம் போயி நின்னாலே அதுக்குத் தெரியும். எட்டு வருசமா நிக்கிது."

"அது வேற மென்பொருள்ப்பா. அடுத்த வாரம் மாத்தப் போறாங்க."

"சரித்தா, விடல. போதுமா?" என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

பூஜையன்று மூவரும் போனார்கள். பதினான்கு பிரஸ்களுக்கும் வாழைக்கன்று, மாலை. ஒவ்வொன்றின் முன்னாலும் மேலே வெட்டிக் குங்குமம் நிரப்பிய ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். குடும்பத்தார் பார்க்கவேண்டுமென்று எட்டு மணியிலிருந்தே ஏழாம் எண் மெஷினை வெறுமனே ஓடவிட்டிருந்தார்கள். அது அழகர்சாமியின் மெஷின். மணி பத்தேகால். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கர்ட்டனின் கண்ணாடியில் விரல் தடிமனுக்குச் சந்தனம்.

வினிதா துப்பட்டாவின் நுனியைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் துடைக்க ஆரம்பித்தாள். கண் திறந்தும் மெஷின் பார்க்கவில்லை என்றால் யாரும் சந்தனத்தின் மேல் பழி போட முடியாது என்பது அவள் எண்ணம். சூப்பர்வைசர் கங்கப்பன் ஓடிவந்தார். பாகலூர்க்காரர், வாயில் மூன்று மொழியும் கலந்து வரும்.

"ஏம்மா, ஏனு இது! சாமிக்கு வெச்சத அழிச்சிக்கினு நிக்கறியே! அழகரண்ணா, உன் பொண்ணுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"சார், சாவியத் திருப்பினது எப்ப?"

"எட்டு மணிக்கு. அதுக்கு இன்னா இப்போ?"

"பத்து நிமிசத்துல அணையணும் சார் அந்த லைட்டு. ரெண்டு மணி நேரமா எரியுது, பாருங்க."

"எரியட்டும் போ. நல்ல நாளுல விளக்கு எரியறது தப்பா? படிச்ச புள்ள பேசற பேச்சப் பாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "அழகரண்ணே, கை! கை!" என்று குரல் கொடுத்தார்கள். குழந்தைகள் பிடித்துக்கொண்டன. "கை! கை!"

அழகர்சாமி மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். வருடம் முழுவதும் பீஸ் எண்ணிக்கைக்கு மேல் ஒரு மனிதனாக யாரும் மதிக்காத இடத்தில், அந்த ஒரு நாள் அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குக் கைதட்டல். சட்டைக் கையை மடித்தார்.

"அப்பா!"

"நிக்கும்த்தா. பாரு."

வினிதா குனிந்து தரையிலிருந்த பூசணிக்காயைத் தூக்கினாள். அவர் தோளை இடித்துக்கொண்டு முன்னால் விழுந்து, அதைப் பிரஸ்ஸின் வாய்க்குள் தள்ளிக் கையை இழுத்துக்கொண்டாள். கதிர் அறுந்தது. மெஷின் நிற்கவில்லை. மேல் அச்சு முழு வேகத்தோடு இறங்கியது. பூசணி வெடித்தது. குங்குமத் தண்ணீரும் விதையும் சதையும் அழகர்சாமியின் முகத்திலும் கருப்பாயியின் சேலையிலும் அடித்தன. அச்சு மேலே போயிற்று. மறுபடி இறங்கியது. மறுபடியும்.

கூட்டம் கைதட்டியது.

இந்த வருடத்துப் புது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். "மெஷினே திருஷ்டி கழிச்சிருச்சுடா!" என்று ஒருவர் கத்தினார். முதலாளியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கங்கப்பன்கூட ஒரு நொடி வாயைப் பிளந்து சிரித்தார். கைதட்டாமல் நின்றவர்கள் மூன்று பேர். வினிதா, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்ட கருப்பாயி, மடித்த சட்டைக் கையோடு தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்த அழகர்சாமி.

அவர் மெதுவாக நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பூஜை முறைச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.

"யாரும் இதத் தொடாதீங்க" என்றார். மறுபடி சொன்னார்.

நடந்தது புரிந்ததும் எல்லோரும் மெஷினைத்தான் பரிசோதிப்பார்கள் என்று வினிதா நம்பியிருந்தாள். ஆனால் கம்பெனியில் அச்சுக்குச் சேதம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் பெட்டி செய்த கம்பெனியிலிருந்து விளக்கம் வந்துவிட்டது. இளம்பரிதி எழுதிய விளக்கம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகாரம் இல்லாத ஒரு நபர் ஈரத்துணியால் சென்சாரைத் துடைத்ததில் உள்ளே நீர் இறங்கிக் கோளாறு ஏற்பட்டிருக்கிறது. மென்பொருள் தொண்ணூற்றொரு சதவீதம் சோதிக்கப்பட்டது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அழகர்சாமிக்குக் கடிதம் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

புகார் மனுவை வினிதா எழுதி வைத்தாள். மறுநாள் விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு; அரசு அலுவலகங்கள் திறக்கத் திங்கட்கிழமை ஆகும். தொழிற்சாலைகள் வெள்ளிக்கிழமையே திறந்துவிடும். மெஷினுக்கு விடுமுறை கொடுக்க முதலாளிக்கு மனம் வராது.

முப்பத்தொரு கம்பெனிகளின் பெயர்களும் வினிதாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் கேட் கேட்டாகப் போனார்கள். பதினைந்தைப் பார்த்தாயிற்று. ஒன்பது இடத்தில் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. நான்கு இடத்தில் மேலாளர் வந்து, எழுத்து மூலம் கம்பெனியிலிருந்து வந்தால் பார்ப்போம் என்றார். ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். ஒரே ஒரு இடத்தில் சாவியைத் திருப்பி மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டுப் பிடுங்கி வைத்தார்கள்.

பதினாறாவது கேட்டில் மதிய ஷிப்ட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெயில் தார் ரோட்டைக் கொதிக்க வைத்தது. அழகர்சாமி, முன்னால் ஒன்றாக வேலை செய்த தங்கதுரையைக் கண்டு கூப்பிட்டார். நாற்பது தாண்டிய மனிதர், கையில் டிபன் கூடை. வினிதா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பூசணிக்காய் வெடித்ததை யாரோ எடுத்த வீடியோவையும் காட்டினாள். தங்கதுரை இரண்டு தடவை பார்த்தார். இரண்டாம் தடவை அவர் முகம் மாறியது.

"எங்க மெஷின்லயும் மஞ்ச லைட்டு எரியுதும்மா" என்றார். "காலையில ஷிப்ட்டுக்காரங்க சொன்னாங்கோ. பூஜ போட்டதுலேர்ந்து மெஷினு எங்கயும் நிக்காம ஓடுது, புரொடக்‌ஷன் ஏறிப்போச்சு, நல்ல பூஜைன்னு சந்தோசப்பட்டுக்கினோம்."

"அண்ணா, நீங்க உள்ள போய்ச் சாவியப் போட்டுத் திருப்பி அந்த லைட்ட அணைக்கச் சொல்லுங்க. முடியலன்னா மெஷின ஓட்டாதீங்க."

"சாவி முதலாளி டிராயர்ல இருக்குதும்மா. ஓட்டலன்னா ஏன்னு கேப்பாங்கோ. நான் இன்னான்னு சொல்றது? நாங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு."

"அப்ப கையாவது உள்ள போகாமப் பாத்துக்குங்க. தயவு பண்ணி."

சைரன் ஊதியது. தங்கதுரை கேட்டைப் பார்த்தார், வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அழகர்சாமியை ஒரு முறை பார்த்தார். இருவருக்கும் தெரிந்த விஷயத்தை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறினார்.

"கை போகாம எப்பிடிம்மா அடிச்ச பீச வெளிய எடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் வரிசையில் நின்று அட்டையைத் தேய்த்து உள்ளே போனார்.